சேவல் கட்டிய படி

மனித குலத்தின் கட்டடக் கலை வரலாற்றில் இதுவரை விடுபட்டுப்போன செய்தி ஒன்று இங்கே முறைப்படி பதிவு செய்யப்படுகிறது. வாசகர்கள் விரும்பினால் எழுந்து நின்று படிக்கலாம். தையல்காரியின் வீட்டுக் கொல்லைப்புறத்தில், சிமெண்டுத் தரைக்கு நான்கு விரல் மேலே, கண்ணுக்குத் தெரியாத படி ஒன்று இருக்கிறது. அதில் ஆள் நிற்கலாம், சோப்புப் பெட்டி வைக்கலாம், வேறு நினைப்பில் நடந்தால் கால்விரலைப் பெயர்த்துக்கொள்ளலாம். அதைக் கட்டியவர் கொத்தனார் அல்ல, பொறியாளர் அல்ல, முக்கால் கிலோ எடையுள்ள ஒரு குள்ளச் சேவல். கட்டிய காரணம் மிக எளிமையானது: கோழிகள் பெரியவை.

தையல்காரிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பவள். உயரம் ஐந்தடி பதினொரு அங்குலம். ஒவ்வொரு வாசலுக்கும் தலை குனிந்து குனிந்தே, அடக்கமான பெண் என்ற பெயரைச் செலவில்லாமல் சம்பாதித்துவிட்டாள். அவளோடு அந்த வீட்டில் இருந்தவர்கள் அண்ணனும் அண்ணியும். அண்ணன் நில அளவைத் துறையில் முப்பத்தோராண்டு சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். தெரு அவரைச் சர்வேயர் என்றே அழைத்தது. ஓய்வு பெற்ற அன்று சங்கிலியையும் முத்திரையையும் திருப்பிக் கொடுத்தார், பழக்கத்தைக் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் மடக்கு அளவுகோல் ஒன்று எப்போதும் இருக்கும். சொந்தச் செலவில் ஒரு வட்ட முத்திரை செய்துகொண்டார். வாயால் சொல்லித் தீர்க்கக்கூடிய எதையும் எண்ணிட்ட குறிப்பாணையாக எழுதி, முத்திரை குத்தி, சம்பந்தப்பட்டவரிடம் நேரில் கொடுப்பார். குளியலறைக் கதவைச் சரியாகச் சாத்துவது பற்றிய நாற்பத்தேழாம் எண் குறிப்பாணையை மடித்துச் செருகித்தான் அண்ணி பருப்பு டப்பாவின் மூடியை இறுக்கி வைத்திருந்தாள்.

கொல்லைப்புறத்தில் ஏழு கோழிகள் இருந்தன. பழுப்பு நிறம், ஒவ்வொன்றும் ஒரு தண்ணீர்க் குடம். மத்தியான வெயிலில் அவை மெதுவாக நடந்துபோகும்போது தரையிலேயே மேகம் நகர்வது போலிருக்கும். தையல் இயந்திரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் பார்ப்பவருக்குத் தூக்கம் வரும். இவற்றின் சேவல் போன மழையில் நனைந்து போய்ச் சேர்ந்துவிட்டது. ஒருநாள் முழுக்க மதில்மேல் நின்று மழையைக் கூவி விரட்டப் பார்த்தது, மழை ஜெயித்தது. அதன் பிறகு முட்டைகள் வந்தன, குஞ்சுகள் வரவில்லை.

கடிகாரக்காரர் இந்த வீட்டுக்குள் வந்தது தையல் இயந்திரத்தின் ஒரு சிறு ஸ்பிரிங்கைச் சரிசெய்ய. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி போன்ற கடை அவருடையது. ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். வயது நாற்பத்து மூன்று, உயரம் ஐந்தடி. ஸ்பிரிங் சரியான பிறகும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் இயந்திரத்துக்கு ஏதாவது ஒன்று வந்துகொண்டிருந்தது. இரண்டு ஆண்டுகளில் அதைப் போல ஆரோக்கியமான இயந்திரமும் ஊரில் இல்லை, அதைப் போல அடிக்கடி நோயில் விழுந்த இயந்திரமும் இல்லை. நூற்று நான்காவது வியாழக்கிழமை அவர் எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சர்வேயரிடம் போய் நின்றார்.

"உங்க தங்கச்சியைக் கட்டிக்கலாம்னு இருக்கேன் சார்."

"எதுல ஏறி?" என்றார் சர்வேயர்.

உள்ளே இயந்திரம் நின்றது. சர்வேயர் கடிகாரக்காரரைக் கதவு நிலையோடு சேர்த்து நிறுத்தி, பென்சிலால் கோடு போட்டு அளந்தார். தங்கையின் அளவு அவருக்கு மனப்பாடம். பதினொரு அங்குலம் வித்தியாசம் என்று அறிவித்தார். இவ்வளவு வித்தியாசத்தை இயற்கை ஒத்துக்கொள்ளாது என்றும், இயற்கைக்கு எதிராகத் தாம் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை என்றும் சொன்னார்.

அவள் பாட்டுக்குக் கிளம்பிப் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தங்கையின் படிப்புக்கும் தையல் இயந்திரத்துக்குமாகத் தன் கல்யாணத்தை நாற்பது வயதுவரை தள்ளிப்போட்டவர் அந்த அண்ணன். அவர் மனசார ஒத்துக்கொள்ளாமல் இந்த வாசலைத் தாண்ட மாட்டேன் என்று பதினேழு வயதில் அவள் சொல்லியிருந்தாள். சொன்னதைப் பிரிப்பது, போட்ட தையலைப் பிரிப்பதைப் போல, அவளுக்கு ஆகவே ஆகாத வேலை.

அடுத்த வியாழக்கிழமை கடிகாரக்காரர் ஒரு துணிப்பையோடு வந்தார். பைக்குள் சேவல் இருந்தது. யாரோ பழுதுபார்க்கக் கொடுத்து, வாங்க வராமலே போன சுவர்க் கடிகாரம் ஒன்றுக்குள் பொரிந்த சேவல் அது. உள்ளே முட்டை எப்படி வந்தது என்பதை அவர் விசாரிக்கவில்லை; கடிகாரங்களுக்குள் என்னென்னவோ இருக்கும். சேவல் அந்தக் கடிகாரத்தின் அளவுக்கு வளர்ந்தது, அத்தோடு போதும் என்று நிறுத்திக்கொண்டது. செத்துப்போன சேவலுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள் என்று தையல்காரியின் கையில் கொடுத்தார்.

சர்வேயர் சிரித்த சிரிப்பில் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார வேண்டியிருந்தது. "இதுவா? அந்த ஏழு பேருக்கா?"

"அதுக்கே ஒண்ணும் கூச்சமில்ல, உங்களுக்கு என்னங்க?" என்றாள் அண்ணி.

தையல்காரி சேவலைத் தரையில் விட்டாள். "குஞ்சு பொரிச்சா என்னண்ணா செய்வீங்க?"

"பொரிக்கட்டும். ஒரே ஒரு குஞ்சு வரட்டும். நானே முன்னால நடந்து போய் பதிவு ஆபீஸ்ல முதல் சாட்சிக் கையெழுத்துப் போடறேன். முழு மனசோட."

"எழுதிக் குடுங்க."

அவரால் வாழ்நாளில் ஒருமுறைகூட மறுக்க முடியாத வார்த்தைகள் அவை. இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் குறிப்பாணை அன்றே தயாரானது. வட்ட முத்திரை சற்று ஈரமாகவே இருந்தது. தையல்காரி அதை மடித்து, இயந்திரத்தின் மூடிக்கு உட்புறத்தில் இரண்டு குண்டூசிகளால் குத்தி வைத்தாள்.

சேவல் தன் பங்குக்கு உழைத்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஒரு சிறகைத் தரையோடு இழுத்துக்கொண்டு கோழிகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. நல்ல தானியம் கிடைத்தால் தான் தின்னாமல் அலகால் எடுப்பதும் போடுவதுமாக டுக் டுக் என்று கூப்பிட்டது. கோழிகள் வந்து தானியத்தைத் தின்றுவிட்டுப் போயின. ஏழில் பெரியது, தலைமையாசிரியை என்று அண்ணி பெயர் வைத்தது, முதல் வாரம் முழுக்க அதைத் தலையில் கொத்தியது. இரண்டாவது வாரம் கொத்துவதை நிறுத்தியது. மூன்றாவது வாரம் போனால் போகிறது என்று பாதி உட்கார்ந்தது. சேவல் ஏறியது. கழுத்து இறகை அலகால் பிடித்தால் பின்னால் எட்டவில்லை. பின்னால் நகர்ந்தால் முன்னால் பிடி இல்லை. ஓடுகிற பேருந்தின் படியிலிருந்து விழுபவரைப் போல ஓரமாக விழுந்து, யாரும் பார்க்கவில்லை என்ற பாவனையில் தரையைக் கிளறியது. சர்வேயர் பார்த்தார். தேதி, நேரம், எந்தப் பக்கம் விழுந்தது என்ற விவரங்களோடு நோட்டில் குறித்தார். வாரம் ஒரு முட்டையைச் சாமான் அறைக்கு எடுத்துப்போய், கதவைச் சாத்திக்கொண்டு, டார்ச் விளக்கின்மேல் வைத்துப் பார்த்து, வெளியே வந்து "கூமுட்டை" என்று அறிவிப்பார். தீர்ப்பு வாசிக்கும் குரல் அது. அவருக்குப் பசி நன்றாக எடுத்த காலம்.

கோழிகள் மண்ணில் குளிப்பவை. கொல்லைப்புறத்து மண்ணை வயிற்றால் குடைந்து, குழி பறித்து, உள்ளே கிறங்கிக் கிடக்கும். ஒரு காலை தலைமையாசிரியை குழிக்குள் கிடந்தபோது சேவல் குழியின் விளிம்பில் நின்றுகொண்டு அவளையும் விளிம்பையும் மாறி மாறிப் பார்ப்பதைச் சர்வேயர் கண்டார். அளவுகோலை இறக்கினார். குழியின் ஆழம் நான்கு விரல். அபாயம் அவருக்குப் புரிந்துவிட்டது. சுகாதாரம் என்ற தலைப்பில் ஒரு குறிப்பாணை எழுதி, மறுநாளே கொத்தனாரை வரவழைத்து, கொல்லைப்புறம் முழுவதையும் சிமெண்டு போட்டு மூடினார். மட்டம் பார்க்க ரப்பர் குழாயில் தண்ணீர் ஊற்றி அவரே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கோலிக்குண்டை எந்த மூலையில் வைத்தாலும் உருளாத தரை. மண்ணில்லாத தரையில் கோழிகள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன. அந்த வாரம் தையல்காரி தைத்த நாற்பது சட்டைகளிலும் பித்தான் ஓட்டைகள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

சிமெண்டு காய்ந்த மூன்றாம் நாள் காலை. பல் துலக்கிக்கொண்டு பின்வாசலில் நின்றவள் பார்த்தாள்: சேவல் வழக்கம்போலச் சிறகை இழுத்துக்கொண்டு தலைமையாசிரியையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது, நின்றது, ஒரு காலைத் தூக்கி எதுவுமில்லாத இடத்தில் வைத்தது. இன்னொரு காலையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தது. தரைக்கு நான்கு விரல் மேலே, பலகைமேல் நிற்பது போல நின்று, இறகை உதறிக்கொண்டது. அங்கிருந்து கோழியின் முதுகுக்குப் போனது. ஊசியில் நூல் கோக்கிற நேரம்தான். பிறகு வந்த வழியே அந்தப் படியில் கால் வைத்து இறங்கி, தண்ணீர் குடிக்கப் போனது. அவள் குனிந்து அந்த இடத்தைத் தொட்டாள். வழவழப்பாக, இஸ்திரி போட்டு முடித்த மேசையைப் போல லேசான சூட்டோடு இருந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு, கையிலிருந்த சோப்புப் பெட்டியை அதன்மேல் வைத்தாள். அது அங்கேயே இருந்தது. உள்ளே போய் இயந்திரத்தை மிதிக்க ஆரம்பித்தாள்.

பத்து மணிக்குச் சர்வேயர் அதில் இடித்துக்கொண்டார். இல்லாத ஒன்றில் கால்விரல் அடிபட்டவரின் கோபத்தோடு கொத்தனாருக்கு ஆளனுப்பினார்.

"என்ன வேலை பாத்திருக்கீங்க? நடுவுல படி விட்டிருக்கீங்க."

"நான் எங்கங்க விட்டேன்? எங்க இருக்கு, காட்டுங்க."

சர்வேயர் காலால் தட்டிக் காட்டினார். கொத்தனார் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தடவினார், மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், கடைசியில் ஏறி நின்றும் பார்த்தார். அவர் முகத்தில் தொழில் பொறாமை தெரிந்தது. "வேலை சுத்தமா இருக்கு சார். யாரு, வெளியூர் ஆளா?"

அடுத்த நாட்களில் படிகள் பெருகின. ஏழு கோழிகளும் ஒரே உயரம் அல்ல. ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவில் ஒரு படி வந்தது. புகார் போய், நகராட்சியிலிருந்து கட்டட ஆய்வாளர் வந்தார். அனுமதி பெறாத கட்டுமானம், பதினைந்து நாளில் இடிக்க வேண்டும் என்ற அறிவிக்கையை வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு வாசிக்க உயரம் போதாமல், இருப்பதில் பெரிய படியின்மேல் ஏறி நின்று வாசித்தார். பதினாறாம் நாள் இரண்டு ஆட்கள் சம்மட்டியோடு வந்தார்கள். அடித்த இடத்தில் தூரத்துக் கதவை யாரோ தட்டுவது போன்ற சத்தம் மட்டும் வந்தது. பொருள் காணப்படவில்லை என்று கோப்பில் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டாருக்கு மெல்லப் பழகிவிட்டது. தண்ணீருக்குள் நடப்பவர்களைப் போலக் கால்களை மெதுவாகத் தூக்கி வைத்து நடந்தார்கள். துணி உலர்த்தும்போது தையல்காரி ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு மாறி மாறி நின்று, கையில் ஈர வேட்டியோடு, யாரும் கேட்காத ஒரு பாட்டுக்கு நடப்பவளைப் போலிருந்தாள். படி இருக்கிறது என்பதாலேயே அது உரிய பயனைத் தந்தது என்று ஆகிவிடாது என்று சர்வேயர் ஒரு குறிப்பாணை விட்டார்.

பயன் தந்ததா என்பது தெரிய ஒரே வழிதான் இருந்தது. தலைமையாசிரியைக்கு அடைக்காய்ச்சல் வந்தது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கிட்டே போனால் உறுமினாள். தையல்காரி வெட்டுத்துணிகள் நிறைந்த கூடையில் பதினோரு முட்டைகளை அடை வைத்தாள். ஏழாம் நாள் ஒரு வியாழக்கிழமை. விடிந்ததும் விடியாததுமாகச் சர்வேயர் கூடையோடு முட்டைகளைச் சாமான் அறைக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். வழக்கமாக ஒரு முட்டைக்கு அரை நிமிஷம் போதும் அவருக்கு. அன்று வெகுநேரம் வெளியே வரவில்லை. அண்ணி கதவைத் தட்டப் போன சமயத்தில் வந்தார்.

"எல்லாம் கூமுட்டை." தீர்ப்பு வாசிக்கும் குரலாக இல்லை அது.

தையல்காரி இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "எழுதிக் குடுங்கண்ணா."

அவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். திரும்ப மூடினார். "தாள் இல்ல," என்றார். அந்த வீட்டில் தாள் இல்லாமல் போவது கடலில் உப்பு இல்லாமல் போவது. அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இவ போயிட்டா உங்க சட்டையெல்லாம் யாரு தைப்பாங்கன்னு பாக்கறீங்களா? நான் தைக்க மாட்டேங்க, இப்பவே சொல்லிட்டேன்." பதினாறு வயதில் தங்கை தைத்துக் கொடுத்த முதல் சட்டை, ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் இருந்தது, இன்னும் அவர் பெட்டியின் அடியில் கிடந்தது. கூடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு விறுவிறுவென்று நடந்தார். மதிலுக்கு அப்பால் குப்பைமேடு. மதிலில் இருந்த கதவை ஒரு கையால் தள்ளித் திறந்தார். அந்தத் திறப்பின் வழியாகக் காலை வெயில் தரையோடு தரையாக உள்ளே வந்து விழுந்தது. அப்போதுதான் சந்து வழியாக வந்த கடிகாரக்காரர் எதிரே நிற்க, அவர் முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கப் போன சர்வேயர், கால் தூக்கி நடக்க மறந்து, முதல் படியில் இடறிக் குப்புற விழுந்தார்.

கூடை எங்கோ போனது. முட்டைகள் உடையும் சத்தம் வரவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு நேரே, வெறும் காற்றில், பதினோரு முட்டைகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எட்டாவதாக ஒரு படி இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. ஏழு கோழிகளில் எதற்கும் பொருந்தாத உயரம். பதினொரு அங்குலம் என்று அளவுகோலைத் தொடாமலே அவருக்குத் தெரிந்தது. முட்டைகளுக்குப் பின்னால் சூரியன் இருந்தது. ஓடுகள் விளக்குக் கூடுகளைப் போல ஒளிர்ந்தன. ஒவ்வொன்றின் உள்ளேயும் சிவப்பு நூலால் போட்ட சிலந்தி வலை போன்ற ஒன்று, நடுவில் ஒரு புள்ளி, புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. தங்கை பின்வாசலில் நின்று பார்த்தாள். அண்ணி பார்த்தாள். மதில் கதவருகே கடிகாரக்காரர், பூதக்கண்ணாடி இல்லாமலே பார்த்தார். பதினோரு புள்ளிகளும் ஒரே நேரத்தில் துடிப்பதாக அவருக்குத் தோன்றியது. தன் கடைக் கடிகாரங்களை அவரால் ஆயுளில் ஒருமுறைகூட அப்படி ஓட வைக்க முடிந்ததில்லை.

சர்வேயர் எழுந்து உட்கார்ந்தார். மூக்கு நுனியில் சிமெண்டு.

"ஒண்ணு ரெண்டுல மட்டும் கொஞ்சம் சந்தேகம்," என்றார்.

"கோழி தேடும். எடுத்து வைங்கண்ணா," என்றாள் தங்கை.

அவர்தான் எடுத்து வைத்தார், ஒவ்வொன்றாக, இரண்டு கைகளாலும். அடுத்த பதினான்கு நாட்கள் கூடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பூனை வந்தால் அளவுகோலை விரித்துக் காட்டுவார். இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சுகள் பொரிந்தன. மறுவாரம் சர்வேயர் தெருவே பார்க்க முன்னால் நடந்துபோய், பதிவு அலுவலகத்தில் முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். முழு மனதோடு என்று பக்கத்தில் எழுதி வட்ட முத்திரையும் குத்தப் போனவரை எழுத்தர் தடுத்துவிட்டார்.

படம் எடுக்க வந்தவர், உயரம் சமமாக இருக்கட்டும் என்று கடிகாரக்காரரை எட்டாவது படியில் ஏற்றினார். அவர் ஏறி நின்றார், மனைவியின் முகத்தைப் பார்த்தார், இறங்கிவிட்டார். "ஏன், நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டாள் அவள். "கீழேருந்து பாத்தே பழகிடுச்சு," என்றார். படத்தில் அவர் தலை அவள் தோள் மட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அவள் இயந்திரத்துக்கு முன்னாலும் அவர் கடைக்குள்ளும், இரண்டு பேரும் நாளெல்லாம் உட்கார்ந்து வேலை செய்பவர்கள். உட்கார்ந்தால் இருவரும் அநேகமாக ஒரே உயரம். இதை யாரும் அளந்து பார்த்திருக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். வியாழக்கிழமைதோறும் அவள் அண்ணனின் சட்டைகளை எடுத்துப்போக வருவாள்.

ஆண்டுகள் போயின. சேவல் வயதாகி, ஒரு நாள் மத்தியானம் முதல் படியின்மேல் ஏறி உட்கார்ந்தது, அப்படியே தூங்கிப்போனது, எழுந்திருக்கவில்லை. நகராட்சி எட்டுப் படிகளையும் வீட்டு வரியில் சேர்த்தது. எட்டாவது படியில் சர்வேயர் மாலை நேரங்களில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். மதிலுக்கு மேலே எட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு மனிதர் ஒன்றுமில்லாததன்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது தெரியும். இப்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இதற்கிடையில் அவர் அறுபத்து நான்கு பக்கத்தில், பதினெட்டு வரைபடங்களோடு, குள்ளச் சேவல்களுக்கும் பெருங்கோழிகளுக்கும் இடையிலான உயர வேறுபாட்டைக் காற்றுப்படிகள் ஈடுசெய்வது குறித்து ஓர் ஆய்வறிக்கை எழுதி முடித்து, அதை நேரில் எடுத்துப்போய்க் கால்நடை மருத்துவரின் மேசையில் வைத்தார். மருத்துவர் நின்றபடியே நான்கைந்து பக்கம் புரட்டினார். குள்ளச் சேவல் பெரிய கோழியோடு சேர்வது எல்லார் வீட்டுக் கொல்லையிலும் நடப்பதுதான், புதுச் சேவலென்றால் முதல் ஒரு மாதம் கோழி பிகு பண்ணும், பிறகு நன்றாக உட்கார்ந்து கொடுக்கும், படியெல்லாம் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, வெளியே காத்திருந்த மாட்டைப் பார்க்கப் போனார்.